சிறிய வீடு, பெரிய பாடம்

முதுகுன்றம் எனும் செந்தமிழ்ப் பெயர் மறைந்து, விருத்தாசலம் என வடமொழியில் வழங்கும் ஊரிலே, இரண்டே அறை கொண்ட வீட்டில் குடியேறியிருக்கிறோம்.

"பெரிய வீட்டை விட்டு இந்தக் கூண்டுக்கா வந்தீர்கள்? பூசை அறைகூட இல்லையே!" என்று உறவினர் உருகினர்.

பெரிய வீட்டிலே என்ன இருந்தது? முற்றம் இருந்தது, ஊஞ்சல் இருந்தது. கூடத்திலே ஆடவர் உலகை அளந்தனர். கடைக்கோடி அடுக்களையிலே பெண்டிர் புகையில் வெந்தனர். இடையிலே சுவர்! இங்கோ கூடமும் அடுக்களையும் ஒன்றே. உழைப்பை மறைக்கச் சுவரில்லை. மகன் அரிசி களைகிறான். நான் பாத்திரம் துலக்குகிறேன். துணைவியார் செய்தித்தாள் படிக்கிறார்.

பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டுமென 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு முழங்கிற்று. தமிழக அரசு அதற்குச் சட்டம் செய்தது 1989-இல். அறுபதாண்டுக் காத்திருப்பு! அடுக்களையில் சமபங்கு தர எந்தச் சட்டம் வரவேண்டும்? எத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டும்?

இவ்வூர்ப் பீங்கான் தொழிற்கூடங்களிலே களிமண்ணுக்கு உருவம் தருவது அச்சு. குடும்பத்துக்கு உருவம் தரும் அச்சு, வீடு. தோழர்களே, அச்சைச் செய்தவன் மனிதன், மாற்றவேண்டியவனும் அவனே!