பழுது காண்டல்

மத்திய மலைநாட்டின் மின்சார வரலாற்றில் ஒரு முரண் உண்டு. மலையருவிகளைக் கொண்டு நாட்டுக்கு வேண்டிய மின்சாரத்தைப் பிறப்பிக்கலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 ஆம் ஆண்டிலேயே ஆய்வுரையாக எடுத்துரைத்தார். லக்சபான நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கிற்று. தலவாக்கலையில் அணை கட்டி, நீரைச் சுரங்க வழியாகக் கொண்டுசெல்லும் மேல் கொத்மலைத் திட்டம் 2012 இல் 150 மெகாவாற்று வலுவுடன் செயற்படலாயிற்று. இம்மலைகளிற் பெய்த மழை கொழும்பு மாநகரின் விளக்குகளை ஏற்றியது. அம்மழையில் நனைந்து கொழுந்து பறித்தோரின் லயக்காம்பராக்களிலோ நெடுங்காலம் குப்பிவிளக்கே எரிந்தது.

தலவாக்கலைக்கும் கிரேட் வெஸ்டர்னுக்கும் இடையே புகையிரதப் பாதையில் அமைந்துள்ள வட்டகொடையும் இதற்கு விலக்கன்று. ஆயினும் மின்சாரம் பற்றிய அறிவு, மின்சாரத்துக்கு முன்னரே லயங்களை வந்தடைந்தது எனல் பொருந்தும். தோட்டத்தார் ‘ஸ்டோர்’ என வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறிகளையும், அரைக்கும் உருளைகளையும், உலர்த்தும் பொறிகளையும் மின்மோட்டர்களே சுழற்றின. அவை நின்றால் பறித்த கொழுந்து பாழாகும். ஆகவே அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் தோட்டந்தோறும் இருந்தார். அவரே மாலை வேளைகளில் லயத்து வானொலிகளைத் திருத்தினார். கார் பற்றரியில் ஓடிய தொலைக்காட்சிப் பெட்டிகளையும் திருத்தினார். அவரது கல்வி எழுத்தில் அமைந்ததன்று. அதனாலேயே அது கல்வியெனக் கருதப்படாமற் போயிற்று.

அக்கல்வியின் பெறுமதியை, அதற்குச் சிறிதும் தொடர்பில்லாததாகத் தோன்றும் ஒரு விளையாட்டுப் பொருளைக் கொண்டு இங்கு நோக்கலாம். பந்தய ட்ரோன் என்பது அப்பொருள்.

ஓட்டுபவர் கண்ணை மூடிய திரையொன்றை அணிந்து, ட்ரோனின் முகப்பிலுள்ள படக்கருவி அனுப்பும் காட்சியைக் கண்டவாறே அதனை வளையங்களினூடாகச் செலுத்துவது இப்பந்தயம். 2016 மார்ச்சில் துபாயில் நடந்த உலகப் போட்டியில் 15 வயதான ஆங்கிலச் சிறுவன் லூக் பானிஸ்டரின் அணி வென்று, இரண்டரை இலட்சம் டொலரைப் பரிசாகப் பெற்றது. 2018 இல் சீனாவின் ஷென்சென் நகரில் நடந்த முதலாவது உலகச் சம்பியன் போட்டியில் வென்ற ஆஸ்திரேலியரான ரூடி பிரவுனிங்கும் 15 வயதினரே. 2023 இல் சூரிச் பல்கலைக்கழகத்தார் ஆக்கிய கணினி விமானி மனித வெற்றியாளர்களையே பந்தயத்தில் தோற்கடித்தது. ஆனால் அந்த ட்ரோனின் கம்பிகளுக்குப் பற்றாசு பிடித்தவை மனிதக் கைகளே என்பதை மறத்தலாகாது.

இவ்வகை ட்ரோனைப் பெரும்பாலும் ஓட்டுபவரே பாகம் பாகமாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார். காபன் நாரினாலான சட்டம், ஐந்து அங்குலச் சுழலிகள், நான்கு தூரிகையற்ற மோட்டர்கள், அந்நான்கையும் இயக்கும் வேகக்கட்டுப்படுத்திப் பலகை, சுழற்சியை உணர்ந்து கட்டளையிடும் பறப்புக் கட்டுப்பாட்டுப் பலகை, வானொலி வாங்கி, படக்கருவி, ஒளிபரப்பி என்பன அதன் உறுப்புகள். ஆறு லித்தியம் பொலிமர் கலங்கள் தொடராக இணைந்த அடுக்கு முழுமையாக ஏற்றப்பட்டால் 25.2 வோல்ற்றைத் தரும். உச்ச விசையில் அந்த அடுக்கிலிருந்து நூறு அம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் பாயும். வீட்டு மின்சாரத்தோடு ஒப்பிட்டு இதனை ‘வெறும் 25 வோல்ற்று’ என எண்ணுவோர், குறுஞ்சுற்று ஏற்படுகையில் கம்பி உருகுவதைக் கண்டே உண்மையை அறிவர்.

செல்வம் மிக்க நாடுகளில் இப்பொருள் பழுதடைந்தால் ஐயத்துக்குரிய பாகத்தை எறிந்துவிட்டுப் புதியதைப் பொருத்துவர். அதுவும் ஒரு முறையே. ஆனால் வட்டகொடையில் அம்முறை செல்லாது. 2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஓர் அமெரிக்க டொலர், சில மாதங்களில் 360 ரூபாயை எட்டியது. அறுபது டொலர் பெறுமதியான வேகக்கட்டுப்படுத்திப் பலகைக்கு 21,600 ரூபா வேண்டும். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது அதற்கு முந்திய ஆண்டிலேதான். ஆக, ஒரு தவறான ஊகத்தின் விலை இருபத்திரண்டு நாட் கொழுந்து. ஊகிக்க வசதியற்றவன் ஆராய்ந்தே தீரவேண்டும்.

அவ்வாறு ஆராய வேண்டிய நிலைக்கு அவ்வாண்டில் ஆளானவன் வட்டகொடை லயமொன்றில் வளர்ந்த ஓர் இளைஞன். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் பயின்றவன். கொழும்பிலே கடையொன்றில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் ட்ரோனுக்குரிய பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கியவன். கொழுந்து பறிக்கும் தாயிடமிருந்தும் அதற்கு ஒரு பங்கு வந்திருந்தது. கட்டி முடித்த ட்ரோன் எழுந்தது. அந்தரத்தில் அமைதியாக நின்றது. முழு விசை கொடுத்ததும் பின்வலப்பக்க மோட்டர் நின்றுபோக, அது புரண்டு தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தது. மேசையில் வைத்து, சுழலிகளைக் கழற்றி இயக்கினால் நான்கு மோட்டர்களும் குறையின்றிச் சுழன்றன.

அவன் முறையாகவே தொடங்கினான். முதலில் பல்மானியால் மின்வாயின் நேர், மறை முனைகளுக்கிடையே தொடர்ச்சி பார்த்தான். மானி ஒரு கணம் ஒலித்து ஓய்ந்தது. பழகாதவர் இதனைக் குறுஞ்சுற்றென்று அஞ்சுவர். உண்மையில் அது முனைகளுக்குக் குறுக்கே இணைக்கப்பட்ட பெரிய கொள்ளளவி மானியின் சிறு ஓட்டத்தை ஏற்று நிரம்பும் ஒலி. ஓயாது ஒலித்தாலன்றிக் கவலையில்லை. அடுத்து, பழுதான மூலையின் மோட்டரைக் கழற்றி முன்னிடப்பக்கத்துக்கும், அங்கிருந்ததைப் பின்வலப்பக்கத்துக்கும் மாற்றிப் பற்றாசு பிடித்தான். பழுது மோட்டரோடு இடம்பெயர்ந்தால் குற்றம் மோட்டருடையது; இருந்த இடத்திலேயே இருந்தால் குற்றம் பலகையினுடையது. தருக்கம் செவ்விது. பழுது இடம்பெயரவில்லை. பலகை மாண்டது என்ற முடிவுக்கு அவன் வந்தான். விவரம் கேட்ட நண்பர்களும் அதையே உறுதிசெய்தனர்.

ஸ்டோரில் மின்வேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியவரிடம் அவன் சென்றது ஆறுதல் தேடியே எனலாம்.

“புதுப் பலகதான் வாங்கணும் போல இருக்கு, மாமா.”

“வாங்குறது கடைசி வேல, தம்பி. மொதல்ல எது செத்துச்சுன்னு காட்டு. சும்மா ஓடுறப்ப நல்லா ஓடுதா?”

“நல்லா ஓடுது.”

“சும கொடுத்துப் பாத்தியா?”

ட்ரோன் என்பதை அவர் அதற்குமுன் கையில் எடுத்ததில்லை. சுழலிகள் கழற்றப்பட்ட நிலையில் மோட்டர்களை மெதுவாக ஓடவிட்டு, மடித்த தோற்றுண்டொன்றால் ஒவ்வொரு மோட்டரின் சுழலும் ஓட்டையும் இலேசாக அழுத்தச் சொன்னார். மூன்று மோட்டர்கள் அழுத்தத்துக்கு ஈடுகொடுத்து உறுமின. நான்காவது நடுங்கிற்று, நின்றது, விட்டபின் துடித்ததேயன்றிச் சுழலவில்லை. “ஒரு பேஸ் போகுது” என்றார் முதியவர்.

இவ்விடத்தில் சற்று நிற்பது தகும். தேயிலைத் தொழிற்சாலை மோட்டரும் ட்ரோன் மோட்டரும் ஆக்கத்திலும் அளவிலும் வேறானவை. முன்னது 400 வோல்ற்று மும்முனை மின்சாரத்தில் இயங்குவது; பின்னது கட்டைவிரலளவினது. எனினும் இரண்டும் மூன்று கம்பிகளில் முறைவைத்து வரும் ஓட்டத்தாற் சுழல்பவை. மும்முனையில் ஒன்று அற்றுப்போனால், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டர் சுமையில்லாதபோது ஓடிக்கொண்டேயிருக்கும். கொழுந்து போட்டதும் திணறி நிற்கும். மறுபடி தொடக்கினால் முனகுமேயன்றிப் புறப்படாது. கவனியாது விட்டால் சுருள் எரியும். இரவு வேலையில் இதனை எத்தனையோ முறை கண்டவருக்கு, அந்நடுக்கம் எவ்வளவு சிறிய உருவில் வந்தாலும் அடையாளம் தெரியாமற் போகாது.

முனையொன்று வலுவிழக்கிறது என்றால் எங்கே? மோட்டரின் உள்ளேயா, பலகையின் மொஸ்பெட்டிலா, இரண்டையும் இணைக்கும் பற்றாசிலா? மோட்டரை ஐயமின்றி விலக்கக் கருவியே தேவையில்லை. மின்கலம் இணைக்கப்படாத நிலையில், கழற்றிய மோட்டரின் இரு கம்பிகளை ஒன்றோடொன்று தொடுத்துக் கையாற் சுழற்றினால் ஒரு தடுப்பு உணரப்படும். பரீட்சைக்காக லென்சின் விதியை மனனம் செய்த மாணவர் பலர் அதனை விரல்நுனியில் உணர்ந்ததில்லை. மூன்று சோடிகளிலும் தடுப்பு ஒத்திருந்தால் சுருள் நலம். மொஸ்பெட் குறுகியிருந்தால், பலகையின் அம்முனைக்கும் மின்வாயின் நேர் அல்லது மறை முனைக்குமிடையே மானி ஓயாது ஒலிக்கும். நான்கு மூலைகளுள் மூன்று நலமாயிருப்பது இங்கே பெருவாய்ப்பு: நூலில் இல்லாத சரியான அளவை அம்மூன்றிலிருந்தே பெற்று ஒப்பிடலாம். ஒப்பிட்டதில் வேறுபாடில்லை.

எஞ்சியது பற்றாசு. ஆனால் பற்றாசைத்தான் மோட்டரை மாற்றியபோது புதிதாகப் பிடித்தாயிற்றே என்பது இளைஞனின் கேள்வி. அவனுடைய சோதனையின் பிழையும் இங்கேதான் இருந்தது. இரண்டாம் முறையும் அதே 25 உவாற்று அயனாலேயே அவன் பற்றாசு பிடித்தான். பழுதான மூலை மின்வாயின் தடித்த செப்புத்தளத்தை அடுத்துள்ளது. செம்பு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ள, ஈயம் உருகியும் செம்போடு கலவாமல் மேலே படிந்துவிட்டது. மோட்டரை மாற்றினான், பழுதை அவ்விடத்திலேயே மறுபடி செய்தான். சோதனைக்கு எடுத்த கையே ஐயத்துக்குரியதாயின் சோதனை எதையும் தெரிவிக்காது. ஆய்வுகூடங்களிலும் இது அரிதாக நிகழ்வதன்று.

இதனை நிறுவ முதியவர் பயன்படுத்தியது முச்சக்கரவண்டியின் சமிக்ஞை விளக்குக்குமிழ். பழுதுபார்த்த எதனையும் முதன்முறை மின்சாரத்தோடு இணைக்கும்போது தொடரில் ஒரு குமிழை வைப்பது வானொலி திருத்துவோர் வழக்கம். உள்ளே குறுஞ்சுற்று இருந்தால் குமிழ் பிரகாசமாக எரிந்து ஓட்டத்தை மட்டுப்படுத்தும், பொருள் தப்பும். அதே குமிழை இங்கே வேறொரு பணிக்கு ஆக்கினார். 12 வோல்ற்று பற்றரி, 21 உவாற்றுக் குமிழ், பற்றாசு இணைப்பு ஆகிய மூன்றையும் தொடராக்கினால் இணைப்பினூடாக ஏறக்குறைய 1.75 அம்பியர் பாயும். ஓட்டத்தைச் செலுத்தும் கவ்விகளுக்கு உள்ளே, இணைப்பின் இருபுறமும், மானியின் முனைகளைத் தனியே வைத்து மில்லிவோல்ற்றில் வாசிக்கவேண்டும். நல்ல இணைப்புகள் ஒரு மில்லிவோல்ற்றைக்கூடக் காட்டவில்லை. ஐயத்துக்குரியவற்றுள் ஒன்று 17 காட்டியது. அதாவது நூற்றிலொரு பங்கு ஓம். கெல்வின் பிரபுவின் பெயரால் பௌதிக நூல்கள் கூறும் நான்குமுனை அளவீடு இதுவே. முதியவர் அப்பெயரைக் கேள்வியுற்றதில்லை.

நூற்றிலொரு ஓம் என்பது அற்பமெனத் தோன்றலாம். சாதாரண மானியின் கம்பிகளே அதனிலும் பலமடங்கு தடையுடையவை. ஆகையால் தொடர்ச்சிச் சோதனையில் அது தெரியவராது. மேசையில் ஓர் அம்பியர் பாயும்போது அங்கு எழும் வெப்பம் நூற்றிலொரு உவாற்று. முழு விசையில் ஒரு மோட்டர் 35 அம்பியர் இழுக்கும்போது அதுவே பன்னிரண்டு உவாற்றைத் தாண்டும், அதுவும் ஓர் அரிசிமணியளவு ஈயத்தில். சாதாரண ஈயவெள்ளீயக் கலவை 183 பாகை செல்சியசில் இளகத் தொடங்கிவிடும். மேசையில் நலமாயிருப்பது வானில் நிற்பதற்குக் காரணம் வேறு தேடவேண்டியதில்லை.

சொற்களைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட கலைச்சொற்றொகுதிகள் வழியாகப் பற்றாசு, கொள்ளளவி முதலிய சொற்கள் எமது பாடநூல்களிற் புகுந்தன. அவை நல்ல சொற்கள். ஆனால் ஸ்டோரில் ஈயம், பேஸ், சோட், எர்த் என்பவையே வழங்கின. இளைஞன் ஒருவகைச் சொல்லிலும் முதியவர் மற்றவகைச் சொல்லிலும் பேச, நடுவிலிருந்த பொருள் ஒன்றாகவே இருந்தது. இவ்விருவகைச் சொற்களையும் அருகருகே வைத்து, பழுதுகளின் குறிகளையும் பதிவுசெய்யும் நூலொன்று தமிழில் எழுதப்படுமாயின் தொழிற்பயிற்சி மாணவருக்கு அது பெரும்பயன் தரும். தேயிலைத் தொழிற்சாலைகளில் அரைநூற்றாண்டு உழைத்தோர் ஒவ்வொருவராக மறைந்துவருகின்றனர்.

மலைநாட்டுக்கே உரிய பழுதுகளும் உள. நாலாயிரம் அடிக்கு மேற்பட்ட இவ்வூரில் மாலைப்பனி பலகைமீது நீராகப் படியும். அதற்கென விற்கப்படும் பூச்சு கிட்டாதவர் நகப்பூச்சைத் தடவி ஒப்பேற்றுகின்றனர். அளவி, பொருத்தி ஆகியவற்றின் வாய்களில் அது படாமற் பார்த்துக்கொண்டால் போதும். காபன் சட்டம் மின்கடத்துவது என்பதை மறந்து, தோலுரிந்த கம்பியை அதில் உரசவிடுவதும் வழமையான குற்றம். விசை கூட்டும்போது மட்டும் காட்சியில் கோடுகள் ஓடினால் முதலிற் பார்க்கவேண்டியது கொள்ளளவியின் காலை. இனி, இவையனைத்தும் சீரானாலும் நினைத்தபடி பறக்கவிட இயலாது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின் நாடெங்கும் ட்ரோன் பறத்தல் தடைசெய்யப்பட்டுப் பின்னரே நிபந்தனைகளுடன் தளர்த்தப்பட்டது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் விதிகள் இதனை ஆளுகின்றன.

மறுபற்றுக்கு 60 உவாற்று அயன் ஒன்றை முதியவர் இரவலாகப் பெற்றுக் கொடுத்தார். அவ்வாண்டு மார்ச்சில் ஒரே நாளில் 13 மணிநேரம் வரை நீண்டிருந்த மின்வெட்டு பின்னர் குறைந்திருந்ததேயன்றி நீங்கவில்லை. ஆகவே மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து வேலை நடந்தது. பழைய ஈயம் முற்றாக நீக்கப்பட்டது. செம்பு பளிச்சிடும்வரை துடைக்கப்பட்டு, முதலில் செம்பின்மீதும் பின் கம்பியின்மீதும் ஈயம் ஏற்றப்பட்டு, அதன்பின்னரே இரண்டும் இணைக்கப்பட்டன. அளந்தபோது மானி ஒரு மில்லிவோல்ற்றுக்குள் நின்றது. இளைஞன் கவ்விகளைக் கழற்ற முற்பட்டான். முதியவர் விடவில்லை, நான்கு மோட்டர்களுக்கும் மும்மூன்றாக உள்ள பன்னிரண்டு இணைப்புகளையும் அளக்கச் சொன்னார். முன்வலப்பக்கத்தில் ஒன்று ஆறு காட்டியது. அயன் இன்னும் சூடாகவே இருந்தது.