கடல் கடந்த மடல்: தங்கவயலின் அடியில் ஒரு பல்கலைக்கழகம்

ஜப்பானில் பல்கலைக்கழகங்கள் மூன்று வகைப்படும்: நடுவண் அரசு நிறுவிய தேசியப் பல்கலைக்கழகங்கள், மாநகரமோ மாகாணமோ தன் மக்களின் வரிப்பணத்தில் நடத்தும் பொதுப் பல்கலைக்கழகங்கள், தனியார் பல்கலைக்கழகங்கள். இவற்றுள் இரண்டாவது வகைக்கு முன்னோடியாக விளங்கியது ஒசாகா. 1880-ல் தொடங்கிய ஒரு சிறிய வணிகப் பயிற்சிப் பள்ளி 1928-ல் பல்கலைக்கழகத் தகுதி பெற்றபோது, அந்நகரின் மேயர் செகி ஹஜிமே, நகரம் நடத்தும் பல்கலைக்கழகம் தேசியப் பல்கலைக்கழகங்களின் நகலாக இருக்கக் கூடாது என்றும், நகர வாழ்வோடு பிணைந்த அறிவை வளர்க்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். போருக்குப் பின் 1949-ல் அது ஒசாகா நகரப் பல்கலைக்கழகமாக விரிவடைந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற நம்பு யோயிசிரோ தம் இளமையில் அங்குதான் இயற்பியல் கற்பித்தார். 2022-ல் மாகாணப் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டு இன்று ஒசாகா பெருநகரப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இயங்கும் இந்நிறுவனத்தின் இயற்பியல் வரலாற்றை எழுதப் புகும் எவரும் கோலார் தங்கவயலைக் குறிப்பிடாமல் எழுத முடியாது.

கோலார் மாவட்டத்தின் பங்காரப்பேட்டை வட்டத்தில் உள்ள பூதிகோட்டை, ஹைதர் அலி பிறந்த ஊர் என்ற அளவில் வரலாற்று நூல்களில் இடம்பெறுகிறது. அவ்வூருக்கு அருகே தொடங்கும் தங்கவயல் பகுதியில் 1880-களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கத் தொழிலை நிலைநிறுத்தியது. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தொழிலாளர்கள், அவர்களுள் பெரும்பாலோர் தமிழர்கள், பாறையைக் குடைந்து கீழிறங்கிக்கொண்டே போனதால் சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தை எட்டி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. தங்கத்துக்காக வெட்டப்பட்ட அந்த ஆழம் இயற்பியலுக்குக் கிடைத்தற்கரிய கருவியாக மாறியது எவ்வாறு என்பதை அறிய, அண்டக்கதிர் குறித்துச் சிறிது விளக்கம் தேவை. விண்வெளியிலிருந்து இடையறாது வரும் துகள்கள் வளிமண்டலத்தில் மோதிச் சிதறும்போது மியூவான் என்னும் துகள்கள் பிறக்கின்றன. இவை எலக்ட்ரானை ஒத்தவை, ஆனால் ஏறத்தாழ இருநூறு மடங்கு நிறை மிக்கவை. பாறையை ஊடுருவும் ஆற்றல் மியூவான்களுக்கு மிகுதி என்பதால், எந்த ஆழத்தில் எத்தனை மியூவான்கள் எஞ்சுகின்றன என்று எண்ணினால், அவை புறப்பட்ட ஆற்றலைக் கணக்கிட்டு அறியலாம். ஹோமி பாபாவின் தூண்டுதலால் மும்பையின் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இளம் ஆய்வாளர் பி. வி. ஸ்ரீகண்டன் 1950-களின் தொடக்கத்தில் தம் கருவிகளுடன் தங்கவயல் சுரங்கத்தில் இறங்கியது இந்த எண்ணிக்கைக்காகவே.

பத்தாண்டுகளுக்குப் பின், ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மியாகே சபுரோ இந்திய ஆய்வாளர்களுடன் சேர்ந்து இன்னும் கீழே சென்று அளந்தபோது, ஏறத்தாழ 2,700 மீட்டர் ஆழத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தும் கருவிகள் ஒரு மியூவானைக்கூடப் பதிவு செய்யவில்லை. சோதனையின் தோல்வியாகத் தோன்றக்கூடிய இந்த வெறுமையே பெரிய வாய்ப்பு என்பதை டாட்டா நிறுவனத்தின் எம். ஜி. கே. மேனனும் அவரது குழுவினரும் உணர்ந்தனர். மேலிருந்து வரும் மியூவான்களைப் பாறை முற்றிலும் தடுத்துவிட்ட இடத்தில் ஒரு மியூவான் தென்பட்டால், அது அங்கேயே பாறைக்குள் பிறந்திருக்க வேண்டும். அதைப் பிறப்பிக்கக்கூடியது, அதே வளிமண்டல மோதல்களில் பிறந்து பூமியையே ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்னும் துகள் மட்டுமே. இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆர்னல்டு வுல்ஃபெண்டேலின் குழுவும் சேர்ந்துகொள்ள, சாம்பியன் ரீஃபின் ஹீத்கோட் ஷாஃப்ட் வழியாக 2,300 மீட்டர் ஆழத்தில் ஒரு கருவி அமைக்கப்பட்டது.

அக்கருவியின் வடிவமே ஒரு வாதத்தைப் போல அமைந்திருந்தது. துகள் பாயும்போது மெல்லிய ஒளி விடும் நெகிழித் தகடுகள் தரையில் கிடத்தப்படாமல் எதிரெதிரே இரு சுவர்களாக நிறுத்தப்பட்டன; இடையே நியான் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய்கள் அடுக்கப்பட்டன. ஒரு துகள் இரு சுவர்களையும் கடந்தால் அக்கணமே மின்னழுத்தம் பாய்ந்து, அது சென்ற வழியில் இருந்த குழாய்கள் மட்டும் ஒளிர, அந்தத் தடம் புகைப்படத்தில் பதிந்தது. சாய்வாகவோ கிடையாகவோ வரும் மியூவான் மேலிருந்து வர வேண்டுமானால் பல கிலோமீட்டர் கூடுதல் பாறையைத் துளைத்திருக்க வேண்டும், அது நடவாது. ஆகவே கிடைவாக்கில் அமைந்த ஒவ்வொரு தடமும் நியூட்ரினோவின் கையொப்பமாகக் கொள்ளப்பட்டது. 1965 ஆகஸ்டில் இம்முடிவு வெளியானது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் பிரெடரிக் ரெய்ன்ஸ் குழுவினர் நடத்திய இணையான ஆய்வும் அதே மாதத்தில் அச்சேறியது. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை மனிதர் முதன்முதலாகக் கண்டது இவ்விரு சுரங்கங்களில்தான். 1980-ல் அதே சுரங்கத்தில் 140 டன் இரும்பை அடுக்கி, புரோட்டான் சிதைகிறதா என்ற அடிப்படைக் கேள்வியை ஆராயும் சோதனை தொடங்கப்பட்டது. சில நிகழ்வுகள் சிதைவாக இருக்கலாம் எனக் குழு கருதியபோதிலும் பிற ஆய்வகங்கள் அதை உறுதிப்படுத்தவில்லை.

இத்தகைய ஆராய்ச்சி ஒரு பல்கலைக்கழகத்தின் மிக உயர்ந்த பணி என்பதில் ஐயமில்லை. மும்பை, ஒசாகா, டர்ஹாம் ஆகிய மூன்று இடங்களில் அதனால் முனைவர் பட்டங்களும் துறைகளும் வளர்ந்தன. ஆயினும் நான்காவது இடமாகிய தங்கவயலில் எதுவும் வளரவில்லை. ஆய்வாளர்களைக் கூண்டில் ஏற்றி இறக்கியதும், காற்றோட்டத்தைப் பேணியதும், பாறை வெடிப்புக்கு அஞ்சாமல் சுரங்க வழிகளைத் தாங்கி நிறுத்தியதும் லைன் வீடுகள் எனப்பட்ட வரிசை வீடுகளில் வாழ்ந்த தொழிலாளர்கள். அவர்கள் அறிவு வேட்கையற்றவர்கள் அல்லர். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்குத் தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வலுவான கிளை இருந்தது. அவர் மறைந்த பின் அவருடைய நூல்களைத் தங்கவயலின் சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டுக் காத்தது. அவருடைய ‘தமிழன்’ இதழைப் பின்னர் அப்பாதுரையார் அங்கிருந்தே நடத்தினார். சுரங்க வேலை முடித்து வந்து பத்திரிகை படித்து விவாதித்த ஒரு சமூகத்தின் பிள்ளைகளுக்கு, தம் வீட்டுக்குக் கீழே நடந்த இயற்பியலுக்குள் நுழைய ஒரு வகுப்பறை அமையாதது பெரும் இழப்பு, அநீதியும்கூட.

அந்த வகுப்பறை இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதைப் பிற நாட்டுச் சுரங்கங்கள் காட்டுகின்றன. ஜப்பானின் கமியோகா சுரங்கத்தில் தாது எடுப்பது நின்றது 2001-ல். தங்கவயல் மூடப்பட்டதும் அதே 2001-ன் பிப்ரவரி இறுதியில்தான். கமியோகாவில் டோக்கியோ பல்கலைக்கழகம் வேரூன்றியிருந்ததால் சுரங்கத் தொழில் போன பின்னும் ஆய்வகம் நிலைத்தது. அங்குள்ள சூப்பர் கமியோகாண்டே, தங்கவயலில் முதலில் தென்பட்ட அதே வளிமண்டல நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுகின்றன என்பதை 1998-ல் அறிவித்து, காஜிதா தகாகிக்கு 2015-ன் நோபல் பரிசைத் தேடித் தந்தது. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் மூடப்பட்டு நீர் நிரம்பத் தொடங்கிய பின்னரும், தெற்கு டகோடா மாநிலம் தனியொரு அமைப்பை ஏற்படுத்தி, நீரை இறைத்து வெளியேற்றி, அதை நிலத்தடி ஆய்வகமாக மீட்டெடுத்தது. தங்கவயலிலோ 1990-களின் தொடக்கத்திலேயே சோதனைகள் நின்றுபோயின; சுரங்கத்தை அப்போது நடத்திய பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின் நீர் இறைக்கும் எந்திரங்களும் ஓய, ஆழங்கள் நீரில் மூழ்கின. மேலே எஞ்சியவை சயனைடு மண்மேடுகளும், வேலைக்காக விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலேறும் இளைஞர்களும்தான். இந்தியாவின் அடுத்த நியூட்ரினோ ஆய்வகத்துக்குத் தேனி மாவட்டத்தின் பொட்டிப்புரம் மலை தேர்ந்தெடுக்கப்பட்டு, 2015-ல் நடுவண் அமைச்சரவையின் ஒப்புதலும் பெற்று, மக்கள் எதிர்ப்பிலும் வழக்குகளிலும் தடைபட்டு நிற்கிறது. அப்பகுதி மக்களின் அச்சத்தை அறியாமை என்று தள்ளுவது தவறு. அருகில் வாழ்வோரை அறிவின் பங்காளிகளாகத் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளாத பழக்கம் தங்கவயலிலேயே தொடங்கிவிட்டது.

2017-ல் பெங்களூருப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிந்து, கோலாரைத் தலைமையிடமாகக் கொண்டு பெங்களூரு வடக்குப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. பூதிகோட்டையிலிருந்தும் தங்கவயலிலிருந்தும் வரும் மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகம் தம் மாவட்டத்திலேயே அமைந்தது நற்செய்தி. மூழ்கிய சுரங்கத்தை அதனால் மீட்க இயலாது. ஆனால் சுரங்க வரைபடங்களையும் ஆய்வுக் குறிப்பேடுகளையும் தேடித் திரட்டி ஓர் ஆவணக் காப்பகம் அமைப்பதற்கும், இயற்பியல் துறையில் அண்டக்கதிர் ஆய்வைச் சிறிய அளவில் தொடங்குவதற்கும் பெரும்பொருள் வேண்டியதில்லை. அனைத்திலும் முந்தியதாகச் செய்ய வேண்டியது, அந்த ஆய்வகத்துக்காக உழைத்த தொழிலாளர்களின் நினைவுகளைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பதிவு செய்வது. புரோட்டான் சோதனைக்காக இரும்பு அடுக்கப்பட்டபோது இருபத்தைந்து வயதில் இருந்தவர் இன்று எழுபதைத் தொட்டுவிட்டார்; 1965-ன் கருவியைச் சுமந்து இறங்கியவர்களுள் இன்னும் இருப்பவர்கள் மிகச் சிலராகவே இருக்க முடியும். ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமரும் மாணவரைக் கோலாரின் இப்பல்கலைக்கழகம் இந்தக் கல்வியாண்டிலேயே அனுப்ப வேண்டும்.