சேற்றுக்கு ஒல்லி டயரா, அகல டயரா? ஒரு கணக்குப் பாடம்



டீச்சருக்கும் டயருக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்காதீர்கள். போன மாதம் இரண்டு பேர் என்னிடம் கிட்டத்தட்ட ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ஒருவன் கடம்பூர் மலையில் வாடகை ஜீப் ஓட்டுகிற என் பழைய மாணவன். இன்னொருவன் கோயம்புத்தூரில் புது ஜிம்னி வாங்கியிருக்கிற என் தங்கை மகன். இருவருக்கும் போனில் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நம் பிள்ளைகளில் பலர் இப்போது ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கிறீர்கள். யாருக்காவது பயன்படும்.

முதலில் மாணவன் விஷயம். அவனுடையது பழைய மஹிந்திரா ஜீப். நான்கு டயரும் தேய்ந்துவிட்டன. கீழே ஒரு கடையில், "இந்த ஒல்லி டயரை எல்லாம் தூக்கிப் போடு தம்பி. 235/75 ஆர் 15 போடு, அலாய் வீலும் போடு. பார்க்கக் கெத்தா இருக்கும், சேத்துல மிதந்துக்கிட்டுப் போகும்" என்று சொல்லியிருக்கிறார்கள். வட்டிக்குப் பணம் வாங்கத் தயாராகிவிட்டான். ரேஷன் அரிசி, பள்ளிக்கூடப் பிள்ளைகள், ராத்திரி பிரசவ வலி வந்த பெண் எல்லாம் அவன் வண்டியில்தான் கீழே இறங்குகிறார்கள். அதனால் இதை ஒரு அலங்காரச் செலவு என்று என்னால் விட முடியவில்லை.

"உன் பழைய டயரில் என்ன எழுதியிருக்கிறது, படி" என்றேன். "6.00-16 டீச்சர்" என்றான். அந்த எண்ணுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்குப் போட்டிருந்ததும் இதே 6.00-16 தான். அந்த ஜீப்பைத்தான் மஹிந்திரா நம் நாட்டில் பூட்டி விற்க ஆரம்பித்தது. 6.00 என்பது அகலம், அங்குலத்தில். 16 என்பது ரிம்மின் விட்டம், அதுவும் அங்குலத்தில். முழு டயரின் உயரம் சுமார் 730 மில்லிமீட்டர்.

இப்போது கடைக்காரர் சொன்ன 235/75 ஆர் 15. இதில் 235 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 மில்லிமீட்டர் அல்ல, சதவீதம். டயரின் பக்கச் சுவர் அகலத்தில் 75 சதவீதம் உயரம் என்று பொருள். 235-இல் 75 சதவீதம் 176. மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர், ஆக 352. 15 அங்குல ரிம் 381 மில்லிமீட்டர். கூட்டினால் 733.

பழையது 730, புதியது 733. உயரம் ஏறவே இல்லை! அகலம் மட்டும் 152-லிருந்து 235 ஆகிறது, அதாவது மூன்று அங்குலத்துக்கு மேல். ஜீப் பாறையில் இடிக்கிற இடம் அச்சின் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை. வண்டிக்கு அடியில் என்ன கட்டினாலும் அந்த உருண்டையைத் தரையிலிருந்து தூக்குவது டயரின் உயரம் ஒன்றுதான். அதுவும் டயர் எவ்வளவு உயர்கிறதோ அதில் பாதிதான் அச்சு உயரும். ஆக, அவன் கடன் வாங்கிச் செய்யும் செலவில் பாறைக்கும் உருண்டைக்கும் இடையே ஒரு விரல் இடம்கூடக் கிடைக்காது.

"சரி டீச்சர், சேத்துல மிதக்குமாமே?" என்றான்.

1990-களில் நான் மலைப்பள்ளிக்கு ஜீப்பில் போய்வந்தவள். மாக்கம்பாளையம் பாதையில் சர்க்கரைப் பள்ளமும் குரும்பூர்ப் பள்ளமும் உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அப்போது பாலம் கிடையாது. மழை பெய்தால் தண்ணீர் வடியும்வரை இக்கரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். வடிந்த பிறகு முழங்கால் சேறு. எங்களை ஏற்றிப் போன டிரைவர் அண்ணன் இறங்கி ஒரு குச்சியைச் சேற்றில் குத்திப் பார்ப்பார். குச்சி "டக்" என்று எதிலாவது நின்றால் முகம் தெளியும். "அடியில கல்லு இருக்குது டீச்சரம்மா. சக்கரம் அதைத் தொட்டாப் போதும், ஏறீரும்" என்பார். லோ கியரில் மெதுவாக விடுவார். ஒல்லிச் சக்கரம் சேற்றை இரண்டாகப் பிளந்துகொண்டு அடித்தரையைப் பிடிக்கும்.

அந்த இடத்தில் அகல டயர் என்ன செய்யும்? முன்னால் இருக்கிற சேற்றைப் பலகை போலத் தள்ளிக்கொண்டே போகும். எவ்வளவு அகலமோ அவ்வளவு சேற்றைத் தள்ள வேண்டும். வழுக்கலுக்கு மேலேயே நிற்கும், அடியில் இருக்கிற கல்லைத் தொடாது. நம் மாட்டுவண்டியைப் பாருங்கள். ஆள் நெஞ்சுயரச் சக்கரம், சில விரல் அகல இரும்புப் பட்டா. உயரமான சக்கரம் குழியில் குறைவாக இறங்கும், கல்லின் மேல் எளிதாக ஏறும். இரண்டு மாடுகள் இழுக்கிற வண்டிக்கு அந்த மிச்சம் பெரிது.

"அகலமான டயர் தரையை அதிகமாகத் தொடுமே, பிடிப்பும் அதிகம்தானே" என்று தங்கை மகன் கேட்டான். இதற்கு ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்கு போதும். ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோ. ஒரு சக்கரத்துக்கு 300 கிலோ. 30 பாயிண்ட் காற்று என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ அழுத்தம். 300-ஐ 2.1-ஆல் வகுத்தால் 143. டயர் ஒல்லியோ அகலமோ, தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய அந்த 143 சதுர சென்டிமீட்டர்தான். டயர் சுவரும் கொஞ்சம் பாரம் தாங்கும் என்பதால் இது தோராயம். மாறுவது பரப்பின் வடிவம். 15 சென்டிமீட்டர் அகலமாகத் தொட்டால் நீளம் ஒன்பதரை. 20 அகலமாகத் தொட்டால் நீளம் ஏழு. ஒல்லி டயரின் தடம் வண்டி போகிற திசையில் நீண்டிருக்கும். கட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக மண்ணைக் கவ்வும். மழைத் தண்ணீர் தேங்கிய தார் ரோட்டிலும் ஒல்லி டயர் தண்ணீரைச் சீக்கிரம் விலக்கிவிடும்.

பரப்பு வேண்டுமென்றால் காற்றைக் குறைக்க வேண்டும். 15 பாயிண்டுக்கு இறக்கினால் பரப்பு இரட்டிப்பாகும், பெரும்பாலும் நீளவாக்கில். ஆனால் மாணவனுடையது ட்யூப் டயர். ரொம்ப இறக்கினால் ரிம்முக்குள் டயர் நழுவி, ட்யூபின் வால்வு பிய்ந்துவிடும். ட்யூப்லெஸ் டயராக இருந்தாலும் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். இறக்கினால் மெதுவாகப் போக வேண்டும், தார் ரோடு வந்ததும் காற்றை நிரப்ப வேண்டும். வண்டியில் ஒரு பம்பு இருக்கட்டும்.

அகலம் எங்குமே உதவாது என்று சொல்லவில்லை. நன்செய் வயலில் நெல் அறுக்கும் இயந்திரம் அகலமான பெல்ட்டில் ஓடுகிறதே, ஏன்? அங்கே சேற்றுக்கு அடியில் பிடித்துக்கொள்ள எட்டுகிற தூரத்தில் கெட்டித் தரை இல்லை. மிதப்பதுதான் ஒரே வழி. திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டு மணலும் அப்படித்தான், தோண்டத் தோண்டப் புதையும். அங்கே அகலமும் குறைந்த காற்றும் வேண்டும். காய்ந்த தார் ரோட்டில் வேகமாகத் திரும்பும்போதும் அகல டயர் நன்றாகப் பிடிக்கும். அடித்தரை எட்டுமா, எட்டாதா என்பதுதான் கேள்வி. கல்லும் செம்மண்ணுமான நம் மலைப்பாதைகளில் பெரும்பாலும் எட்டும்.

இதையெல்லாம் கேட்ட மாணவன், "அப்படின்னா இன்னும் உயரமா 7.50-16 போட்டுரட்டுமா டீச்சர்?" என்றான். நல்ல கேள்வி. லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110, டொயோட்டாவின் லேண்ட் குரூசர் 70 வரிசை போன்ற வண்டிகளுக்குப் பேர்போன அளவு அது. அகலத்துக்குப் பார்த்தால் நல்ல உயரமான டயர். ஆனால் அந்த வண்டிகளின் பிரேக்கும் கியரும் அதற்கென்றே செய்தவை. இவன் ஜீப்பில் 730 உயரம் இருந்த இடத்தில் 806 வந்தால் 10 சதவீதம் கூடுகிறது. மீட்டர் 40 காட்டும்போது வண்டி 44-இல் போகும். ஏற்றத்தில் இழுவை அதே அளவு குறையும். இறக்கத்தில் லோ கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தும் பலமும் குறையும். பிரேக்குக்கும் கூடுதல் வேலை. கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உரசும். பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிற வண்டிக்கு இது வேண்டாம் என்றேன்.

தங்கை மகன் கணக்கு வேறு. ஜிம்னிக்கு கம்பெனி தருவது 195/80 ஆர் 15. உயரம் 693. அவன் போட ஆசைப்பட்டது 215/75 ஆர் 15. உயரம் 703. அகலம் 20 மில்லிமீட்டர் கூடுகிறது, அச்சு உயர்வது 5 மில்லிமீட்டர். "இதுக்கா இவ்வளவு செலவு பெரியம்மா?" என்று அவனே சிரித்துவிட்டான். தார் வாங்கப் போகிறவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். 2020-இல் வந்த தாரில் 255/65 ஆர் 18, 245/75 ஆர் 16 என்று இரண்டு அளவு உண்டு. 18 அங்குலச் சக்கரம் பார்க்க எடுப்பு. ஆனால் பக்கச் சுவரின் உயரம் அதில் 166 மில்லிமீட்டர், 16 அங்குலச் சக்கரத்தில் 184. காற்றை இறக்கிக் கல்லில் ஓட்டுகிறவனுக்கு அந்தச் சுவர்தான் மெத்தை.

வாங்கும்போது இன்னும் சில விஷயங்கள். பின்னால் இரண்டு மட்டும் மாற்றினால் போதும் என்று யார் சொன்னாலும் வேறு அளவில் மாற்றாதீர்கள். ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகச் சுற்றும். டயர் உயரம் வேறுபட்டால் கியர் பெட்டி முறுக்கேறிப் பாழாகும். ஸ்டெப்னியும் அதே அளவாக இருக்கட்டும். டயரின் பாரம் தாங்கும் எண்ணைப் பாருங்கள். 96 என்றால் 710 கிலோ, 100 என்றால் 800 கிலோ. பழைய வகையில் 8 பி.ஆர். போல எழுதியிருக்கும், அதைக் குறைக்காதீர்கள். செய்த தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அளவை மாற்ற நினைத்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் முதலில் கேளுங்கள்.

மாணவன் கடைசியில் அதே 6.00-16-இல் ஆழமான கட்டை உள்ளதாக ஐந்து வாங்கிவிட்டான். அலாய் வீல் காசு மிஞ்சியது. அதில் பிரேக் லைனிங் மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

மலையில் வண்டி ஓட்டும் பிள்ளைகள் யாராவது இதில் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள். உங்கள் அனுபவம் என் கணக்கைவிடப் பெரியது. மழைக்காலம் வருகிறது. பள்ளத்தில் தண்ணீர் ஓடினால் எந்த டயர் போட்டிருந்தாலும் வண்டியை விடாதீர்கள், வடியும்வரை காத்திருங்கள். குச்சியைக் குத்திப் பாருங்கள், பிறகு இறங்குங்கள்.

எல்லோரும் நல்லா இருங்க கண்ணுகளா.

உங்கள் டீச்சர்