கிடைக்காதவனின் சாட்சி

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சதும் எங்க சர்ச்சில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பாங்க. ஆளுக்கு ஒரு வசனம். இந்த வருஷம் எனக்கு வந்தது ஆசீர்வாதத்தைப் பற்றிய வசனம். அம்மா அதை ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி, "பார்த்தியா, பிளேஸ்மென்ட் கன்ஃபார்ம்" என்றார்கள்.

பிப்ரவரிக்குள் மூன்று கம்பெனியில் ரிஜெக்ட். கடைசி கம்பெனியில் டெக்னிக்கல் ரவுண்ட் வரை போனேன். அம்மா அன்று உபவாசம். ரிசல்ட்டைப் போனில் சொன்னபோது, "சாப்பிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார்கள். அவங்க சாப்பிடவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அந்த ஞாயிறு ஊருக்குப் போயிருந்தேன். சாட்சி நேரத்தில் என்னோடு சண்டே கிளாஸ் படித்த நண்பன் எழுந்து, "கர்த்தர் எனக்கு வேலை கொடுத்தார்" என்றான். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். எனக்கு வாய் வரவில்லை. அவனுக்குக் கொடுத்தார்னா, எனக்கு ஏன் கொடுக்கல? எழுந்து வெளியே போய் பைக் பக்கத்தில் நின்றேன். உண்மையைச் சொன்னால், அது சோகம் இல்லை, பொறாமை.

ஆச்சி கவனித்திருக்கிறாள். சாயங்காலம் தன் பெரிய எழுத்து பைபிளை நீட்டி, "எனக்குக் கண்ணு தெரியல. சங்கீதம் பதிமூணு வாசில" என்றாள். ஸ்கூலில் என் செகண்ட் லாங்குவேஜ் ஹிந்தி. எழுத்துக் கூட்டித்தான் வாசித்தேன். மொத்தமே 6 வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள், இன்னும் எவ்வளவு காலம் என்று நான்கு தடவை கேட்கிறார் தாவீது.

"தாவீதே கேக்காரு. நீ கேட்டா என்ன? வெளிய போய் நிக்காம அவர்ட்டயே கேளு" என்றாள் ஆச்சி.

அன்று ராத்திரி முதல் தடவையாக நல்ல பையன் மாதிரி நடிக்காமல் ஜெபம் பண்ணினேன். கோபமா இருக்கேன், பொறாமையா இருக்கு, அம்மாவைப் பார்க்கவே கஷ்டமா இருக்கு என்று எல்லாவற்றையும் சொன்னேன். பதில் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ரொம்ப நாள் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

தெளிவான பிறகு இன்னொன்றும் புரிந்தது. அந்த இன்டர்வியூவில் என்னைத் தோற்கடித்தது பிசாசு இல்லை. ரெஸ்யூமேவில் 'பைத்தான்' என்று நானே கெத்தாகப் போட்டிருந்தேன். லிஸ்ட்டுக்கும் டியூப்பிளுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டார்கள். முழித்தேன். லிஸ்ட்டை மாற்றலாம், டியூப்பிளை உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது. இவ்வளவுதான் பதில். இதைப் படிக்க வேண்டிய நேரத்தில் நான் படிக்கவில்லை. அதற்கும் சேர்த்து அம்மா பட்டினி கிடந்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை அந்த நண்பனுக்குப் போன் பண்ணி வாழ்த்துச் சொன்னேன். முதல் ஒரு நிமிஷம் கஷ்டமாத்தான் இருந்தது. அப்புறம் அவனே, "பைத்தான் நான் சொல்லித் தரேன்டா" என்றான். இப்போது தினமும் ராத்திரி 9 மணிக்கு கூகுள் மீட்டில் எங்களுக்கு கிளாஸ்.

இதை எழுதும்போதும் என் கையில் ஆஃபர் இல்லை. வரும் வியாழக்கிழமை இன்னொரு டிரைவ். கிடைக்குமா, தெரியாது. தாவீதின் பிரச்சனை தீர்ந்ததா என்றும் அந்த சங்கீதத்தில் இல்லை. ஆனாலும் பாடுவேன் என்றுதான் முடிக்கிறார்.

உங்க ஹாஸ்டலிலும் லிஸ்ட்டில் பெயர் வராத ஒருத்தன் இருப்பான். "எல்லாம் நன்மைக்கே மச்சி" என்று அவனிடம் சொல்லாதீங்க. டீ குடிக்கக் கூட்டிட்டுப் போங்க. கிடைத்தவர்கள் மட்டும்தான் சாட்சி சொல்லணும்னு சட்டம் இல்லையே. இது என் சாட்சி.