யாரைக் கேட்டு எழுதின?

போன வாரம் நைட் டியூட்டி முடிச்சு வந்து தூக்கம் வராம ஒரு பழைய இத்தாலியப் படம் பார்த்தேன். பேரு 'வின்ச்செரே'. 'ஜெயிக்கணும்'னு அர்த்தம். 2009ல மார்க்கோ பெல்லோக்கியோ எடுத்தது, அந்த வருஷம் கான் பட விழாவில் போட்டிப் பிரிவில் இருந்த படம். முசோலினியோட ரகசியக் காதலி, அவங்களுக்குப் பிறந்த பையன், இவங்க ரெண்டு பேரோட கதை.

கொஞ்சம் நீளமான இழை. நேரம் இருக்கும்போது படிங்க. நடந்த வரலாறுங்கறதால ஸ்பாய்லர் பயம் வேண்டாம்.

முதல்ல கதை.

இடா டால்செர். 1880ல ட்ரெண்டோ பக்கத்துல சோப்ரமோந்தேங்கற மலைக் கிராமத்துல பிறந்தவர். அப்போ அந்தப் பகுதி ஆஸ்திரிய-ஹங்கேரி சாம்ராஜ்யத்துல இருந்துச்சு. பாரிஸ் போய் அழகுக்கலை படிச்சுட்டு, மிலான்ல சொந்தமா ஒரு அழகு நிலையம் நடத்தினார். அந்தக் காலத்துல ஒரு பொண்ணு தனியா நின்னு இதைச் செஞ்சிருக்காங்கன்னா எப்படிப்பட்ட ஆளா இருந்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க.

முசோலினி அப்போ சோஷலிஸ்ட். 'அவாந்தி' பத்திரிகையின் ஆசிரியர். 1914ல முதல் உலகப்போர் வந்ததும் இத்தாலி போருக்குப் போகணும்னு எழுத ஆரம்பிச்சார். பத்திரிகையும் போச்சு, கட்சியும் வெளியே தள்ளிடுச்சு. கையில காசில்லாத அந்த நேரத்துல, 1914 நவம்பர்ல, சொந்தமா ஒரு பத்திரிகை ஆரம்பிச்சார். 'இல் போப்போலோ தித்தாலியா'. அவருக்குக் கைகொடுக்க இடா தன் அழகு நிலையத்தையே வித்தார். படத்துல இந்தக் காட்சி ரொம்ப எளிமையா வரும். வீடு காலியா இருக்கும். பணத்தைக் கொண்டுபோய் அவர் கையில கொடுப்பாங்க. அந்தம்மா முகத்துல கொஞ்சமும் வருத்தம் இருக்காது.

1915 நவம்பர் 11, மகன் பிறந்தான். பெனிட்டோ ஆல்பினோ. அடுத்த மாசமே முசோலினி, ஏற்கெனவே தனக்கு ஒரு பெண் குழந்தை பெற்றிருந்த ராக்கேலேயைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார். அதுக்கு அடுத்த மாசம், 1916 ஜனவரியில், நோட்டரி முன்னாடி போய் 'இது என் பையன்தான்'னு ஆல்பினோவுக்குக் கையெழுத்தும் போட்டார்.

இடா கடைசி வரைக்கும் சொன்னது: "1914லயே சர்ச்சுல எங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. நான்தான் முதல் மனைவி."

அந்தக் கல்யாணத்துக்கான பதிவு கிடைக்கவே இல்லை. நடக்கலையா, நடந்து அழிச்சுட்டாங்களான்னு இன்னைக்கும் வரலாற்று ஆய்வாளர்கள் பேசிட்டுத்தான் இருக்காங்க. ஆனா பையன் விஷயத்துல சந்தேகமே கிடையாது. அப்பாவே கையெழுத்துப் போட்டது.

1922 அக்டோபர்ல ரோம் நோக்கிய அணிவகுப்பு. முசோலினி பிரதமர் ஆகிறார். இப்போ இந்தம்மா ஊர் ஊரா போய் 'அவர் என் புருஷன், இது அவர் பிள்ளை'ன்னு பேசுறது அவருக்கு ஆபத்து. சர்ச்சோட சமாதானம் பேசிட்டிருக்கிற காலம் வேற. குடும்பத் தலைவர்ங்கற பிம்பம் தேவை.

1926ல ட்ரெண்டோவுக்கு வந்த கல்வி அமைச்சரைச் சந்திக்க முயற்சி பண்ணினப்போ இடாவைப் பிடிச்சாங்க. ஜெயில்ல போடலை. மனநலக் காப்பகத்துல போட்டாங்க. முதல்ல பெர்ஜினே, அப்புறம் வெனிஸ் பக்கத்துல சான் கிளெமெந்தே தீவு. பதினோரு வருஷம். 1937 டிசம்பர்ல, 57 வயசுல, அங்கேயே இறந்து போனாங்க. காரணம் மூளையில் ரத்தக்கசிவுன்னு பதிவாகியிருக்கு.

பத்து வயசுப் பையன்கிட்ட உங்கம்மா செத்துட்டாங்கன்னு சொல்லி, ஒரு பாசிஸ்ட் அதிகாரிக்குத் தத்துக் கொடுத்து, குடும்பப் பேரையும் மாத்தினாங்க. அவன் வளர்ந்து கடற்படையில சேர்ந்தான். எங்க போனாலும் போலீஸ் கண்காணிப்பு. ஆனாலும் 'என் அப்பா முசோலினி'ன்னு சொல்றதை அவன் நிறுத்தலை. அவனையும் காப்பகத்துல அடைச்சாங்க. மிலான் அருகே மோம்பெல்லோ. 1942 ஆகஸ்ட்ல இறந்தான். வயசு 26.

கதை இவ்வளவுதான். இனி நான் சொல்ல வந்த விஷயம்.

இந்தப் படத்தை ஒரு சர்வாதிகாரியின் துரோகம்னுதான் பெரும்பாலும் பேசுவாங்க. சரிதான். ஆனா ஒரு டாக்டரா பார்க்கும்போது எனக்கு உறுத்தினது வேற. பதினோரு வருஷம் ஒரு பெண்ணை உள்ளே வெச்சிருக்க முசோலினி மட்டும் போதாது. அதுக்கு ஒரு டாக்டர் கையெழுத்து வேணும்.

அப்போதைய இத்தாலியச் சட்டம் 1904ல போட்டது. மனநோய் இருக்கிறதா சொல்லப்படுற ஒருத்தரைக் காப்பகத்துல அடைக்க அது சொன்ன காரணங்கள்: தனக்கோ மத்தவங்களுக்கோ ஆபத்தா இருக்கணும், இல்லேன்னா 'பொது இடத்தில் அவதூறு' உண்டாக்கணும். மூணாவது காரணத்தை இன்னொரு தடவை படிங்க. மனநோய்னு முத்திரை விழுந்துட்டா ஆபத்தே வேண்டாம், மானக்கேடு போதும். இதுல யாரை வேணா உள்ளே தள்ளலாம். மருத்துவச் சான்று ஒண்ணு, அதிகாரி உத்தரவு ஒண்ணு, முடிஞ்சது.

இதுல இன்னொரு கொடுமை என்னன்னா, இடா சொன்னதும் ஆல்பினோ சொன்னதும் மனநல மருத்துவப் பாடப்புத்தகத்துல அப்படியே இருக்கிற வாக்கியங்கள். 'நாட்டையே ஆள்றவர் என் ஆளு, சூழ்நிலையால வெளியே சொல்ல மாட்டேங்கறார்'. இதுக்கு எரட்டோமேனியான்னு பேரு. பிரெஞ்சு டாக்டர் கிளெராம்போ 1921ல விரிவா எழுதினதால அவர் பேர்லயும் சொல்வாங்க. 'நான் தலைவரோட வாரிசு, என்னை ஒளிச்சு வெச்சிருக்காங்க, போலீஸ் பின்னாடியே வருது'. எந்த வார்டுலயும் மாசத்துக்கு ஒருத்தர் இதைச் சொல்லுவார்.

ஆனா இந்த ரெண்டு பேரைப் பொறுத்தவரை போலீஸ் உண்மையிலேயே பின்னாடி வந்துட்டுத்தான் இருந்துச்சு!

உண்மையைச் சொல்றவங்களுக்கு டெலூஷன்னு முத்திரை குத்துறதுக்கு ஒரு பேரே உண்டு. மார்த்தா மிட்செல் எஃபெக்ட். அமெரிக்க அதிபர் நிக்சனின் அட்டர்னி ஜெனரலா இருந்தவரோட மனைவி மார்த்தா. 1972ல வாட்டர்கேட் சமயத்துல, 'என்னை ஹோட்டல் அறையில அடைச்சு வெச்சு, ஊசி போட்டுப் படுக்க வெச்சாங்க'ன்னு சொன்னார். குடிகாரி, கிறுக்குன்னு சிரிச்சாங்க. பிறகு அது உண்மைன்னு தெரிஞ்சுது.

இதையெல்லாம் தெரிஞ்சவன் மாதிரி எழுதுறேனே, நான் யோக்கியமான்னு கேட்டா, இல்லை. அதனாலதான் இந்த இழை.

நான் ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ மனநலப் பிரிவுல பதினஞ்சு நாள் போஸ்டிங். ஐம்பது வயசு இருக்கும் ஒரு அம்மாவை அவங்க தம்பிங்க ரெண்டு பேர் கூட்டிட்டு வந்தாங்க. மூணு வாரமா தூக்கம் இல்லை. தெருவுல நின்னு கத்துறாங்க, நிறுத்தாம பேசுறாங்க, கையில இருந்த காசையெல்லாம் வழியில போறவங்களுக்கு எடுத்துக் கொடுத்துட்டாங்க. பார்த்தாலே மேனியான்னு தெரிஞ்சுது.

பேச்சுக்கு நடுவுல ஒண்ணை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. "என் எடத்த எழுதி வாங்கிட்டானுங்க தம்பி. ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல வெச்சு கைநாட்டு வாங்கிட்டானுங்க. இதையும் எழுதிக்கோ தம்பி."

எழுதிக்கிட்டேன். எப்படி? 'தம்பிகள் தன் சொத்தை அபகரித்துவிட்டதாக டெலூஷன்'னு எழுதிக்கிட்டேன்.

மறுநாள் ரவுண்ட்ஸ். சீஃப் கேஸ் ஷீட்டைப் படிச்சார். என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, இது டெலூஷன்னு யாரைக் கேட்டு எழுதின?"

"கூட வந்த தம்பிங்க சொன்னாங்க சார். அப்படி எதுவும் நடக்கலையாம்."

"அவங்கதானே அக்யூஸ்டு?"

வார்டே சிரிச்சுது. எனக்குக் காது சுட்டுது.

அவர் சோஷியல் ஒர்க்கரைக் கூப்பிட்டு, அந்தம்மாவோட ஊர்க்காரங்க யாரையாவது பிடிச்சு விசாரிக்கச் சொன்னார். நாலஞ்சு நாள்ல அந்தம்மாவோட நாத்தனார் ஒருத்தர் வில்லங்கச் சான்றிதழ் எடுத்துட்டு வந்தாங்க. ஒரு மாசத்துக்கு முன்னாடி, தம்பிங்க பேருக்கு விடுதலைப் பத்திரம் பதிவாகியிருந்துச்சு.

இங்க ஒரு விஷயத்தைத் தெளிவா சொல்லிடறேன். அந்தம்மாவுக்கு நோய் இருந்தது உண்மை. இடம் பறிபோனதும் உண்மை. ஒண்ணு உண்மைன்னா இன்னொண்ணு பொய்யா இருக்கணும்னு எந்த அவசியமும் இல்லை. நோய் வந்தவங்களையும் ஏமாத்துவாங்க. சொல்லப்போனா அவங்களைத்தான் சுலபமா ஏமாத்துவாங்க. மூணு வாரத்துல மாத்திரை வேலை செஞ்சுது. நல்லா தூங்கினாங்க, நிதானமா பேசினாங்க. நிதானமா உட்கார்ந்து அதே விஷயத்தைத்தான் சொன்னாங்க. "எடத்த எழுதி வாங்கிட்டாங்க தம்பி."

மாத்திரையில தூக்கம் வந்துச்சு. எடம் வரலை.

இப்போ படத்துக்கு வர்றேன். அதுல ஒரு டாக்டர் வர்றார். நல்லவர். இடா பொய் சொல்லலைன்னு அவருக்குப் புரியுது. தனியா உட்கார வெச்சு ஆலோசனை சொல்றார்: இப்போ உண்மையைக் கத்துற காலம் இல்லை, அமைதியா இருக்கிற காலம். நடிங்க. இவங்க எதிர்பார்க்கிற அடக்கமான பெண்ணா நடிங்க, வெளியே போயிடலாம்.

இடா மறுத்துடறாங்க. உண்மைக்காக இப்போ கத்தலைன்னா, பிறகு யாரும் கேட்க மாட்டாங்கங்கறது அவங்க வாதம்.

முதல்ல பார்த்தப்போ, 'அய்யோ, அவர் சொல்றதைக் கேளும்மா'ன்னுதான் தோணுச்சு. நானா இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அவர் மேல எனக்கு அன்பு கூட வந்துச்சு. ரெண்டாவது தடவை அந்தக் காட்சியை மட்டும் ஓட்டிப் பார்த்தேன். அப்போதான் தெரிஞ்சுது: அவர் நடிக்கச் சொல்றது நோயாளியை. அவர் பேனா இன்னும் பாக்கெட்லயே இருக்கு. 'இவருக்கு நோய் இல்லை'ன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போட வேண்டிய ஆள், தன் பயத்தை ஆலோசனையா மாத்தி அவங்க தலையில வைக்கிறார்.

அவரைத் திட்டவும் முடியலை. கையெழுத்துப் போட்டிருந்தா அவர் வேலை போயிருக்கும், ஒருவேளை அவரையும் உள்ளே போட்டிருப்பாங்க. என் கேஸ்ல எனக்கு என்ன ஆபத்து இருந்துச்சு? ஒண்ணுமே இல்லை. எந்த சர்வாதிகாரியும் எனக்கு உத்தரவு போடலை. பேண்ட் சட்டை போட்டு மரியாதையா பேசின ரெண்டு ஆம்பளைங்க சொன்னதை, கத்திட்டிருந்த ஒரு பொம்பளை சொன்னதுக்கு மேல வெச்சேன். அவ்வளவுதான். முசோலினிக்கு இருந்த வசதி, அந்தத் தம்பிங்களுக்கும் என்னால கிடைச்சுது.

நடிப்பு பத்தி ரெண்டு வரி. இடாவா நடிச்ச ஜொவான்னா மெட்ஸோஜோர்னோ அசத்தியிருக்காங்க. கொட்டுற பனியில காப்பகத்தோட கம்பிக் கிராதியில ஏறி நின்னு கடிதங்களை வெளியே வீசுற காட்சி மறக்காது. ஃபிலிப்போ டிமி இளம் முசோலினி. அவர் ஆட்சிக்கு வந்ததும் நடிகர் காணாம போயிடுவார். அதுக்கப்புறம் நிஜ முசோலினியை நியூஸ் ரீல்ல மட்டும்தான் காட்டுவாங்க. இடாவுக்கும் அப்படித்தானே? புருஷன்னு நம்பினவர் தியேட்டர் திரையில மட்டும் தெரியிற ஆளாயிட்டார். பிறகு அதே டிமி, வளர்ந்த மகனா வருவார். கூடப் படிக்கிற பசங்க கேட்டதும் அப்பாவோட மேடைப் பேச்சை அப்படியே நடிச்சுக் காட்டுவான். காப்பகத்துல சாப்ளினோட 'தி கிட்' படம் போடுவாங்க. குழந்தையைப் பிரிக்கிற இடத்துல இடா அழறதைப் பாருங்க.

இத்தாலி பிற்பாடு திருந்துச்சு. பிராங்கோ பசாலியான்னு ஒரு மனநல மருத்துவரின் போராட்டத்தால 1978ல புதுச் சட்டம் வந்து, இந்தக் காப்பகங்களைப் படிப்படியா மூடினாங்க. சான் கிளெமெந்தே தீவுல இப்போ ஆடம்பர ஹோட்டல் இருக்கு. இடாவின் கதை வெளியே பரவலா தெரிய 2005ல வந்த ஒரு ஆவணப்படம் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு.

கேஸ் ஷீட்ல தப்பா எழுதினா அதைக் கிழிக்கக் கூடாது, வெள்ளை அடிக்கக் கூடாது. ஒத்தைக் கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல கையெழுத்தும் தேதியும் போடணும். அடிச்சது என்னன்னு படிக்கிறவங்களுக்குத் தெரியணும். சீஃப் முன்னாடி அன்னைக்கு அப்படித்தான் அடிச்சேன். கீழே, 'சொத்து குறித்து நோயாளி கூறுவது ஆவணத்தால் உறுதியாகிறது'ன்னு எழுதினேன். டிஸ்சார்ஜ் சம்மரியில அந்த வரியையும் சேர்த்துத் தரச் சொல்லி அந்த நாத்தனார் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. வக்கீல்கிட்ட காட்டணுமாம்.

இப்போ என்கிட்ட வர்ற ஹவுஸ் சர்ஜன்கள் 'டெலூஷன்'னு எழுதிட்டு வந்தா, நான் கேட்கிற முதல் கேள்வி சீஃப் கேட்டதுதான்.

யாரைக் கேட்டு எழுதின?