பதினேழு இன்ச் சக்கரமும் அப்பத்தாவின் மினி பஸ்ஸும்

எங்கள் வீட்டில் இருப்பது ஒரு ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. 2018ல் வந்த மாடல். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கம்பெனி கொடுத்த 14 இன்ச் இரும்புச் சக்கரம், அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் மூடி. கோட் சூட் போட்டுக்கொண்டு ரப்பர் செருப்பு மாட்டிய மாப்பிள்ளை மாதிரி எனக்குத் தோன்றும்.

சாயங்காலம் ஒரு ஆடிட்டர் ஆபீசில் பில் என்ட்ரி போடுகிறேன். அதில் சேர்த்த காசில் 38,000 ரூபாய்க்கு நான்கு 17 இன்ச் அலாய் வீலை டயரோடு சேர்த்து வாங்கி மாட்டினேன். அதுவும் செகண்ட் ஹேண்ட்தான். வரவு செலவு படிக்கிற பி.காம் பையன் செய்கிற வேலையா இது என்று கேட்காதீர்கள். அந்தக் கணக்கைத்தான் சொல்லப் போகிறேன்.

முதல் வாரம் சொர்க்கம். மேலூரில் இருந்து மதுரை போகிற நாலு வழிச் சாலையில் ஸ்டீயரிங்கைத் தொட்டால் போதும், வண்டி சொன்ன பேச்சு கேட்டது. முன்பெல்லாம் வளைவில் திருப்பினால் வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டுத் திரும்பும். அந்த யோசனையே போய்விட்டது. ஃப்ரெண்ட்ஸ் எல்லோரும் சுற்றி வந்து போட்டோ எடுத்தார்கள். ட்ரீட்டும் நானே கொடுத்தேன் (அது தனிச் செலவு).

இந்தக் கதையில் அப்பத்தா வருகிற இடம் இனிமேல்தான். இரண்டு வருடத்துக்கு முன் அப்பத்தாவுக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. மாதம் ஒரு தடவை மதுரைக்கு செக்கப் போக வேண்டும். கூட்டிப் போவது நான்தான். சக்கரம் மாற்றிய பிறகு ஒரே ஒரு தடவைதான் வண்டியில் வந்தது. அடுத்த மாதம், "நீ படிக்கிற வேலையப் பாரு அய்யா, நான் மினி பஸ்ல போயிக்கிறேன்" என்றது. அதற்கடுத்த மாதமும் அதேதான். பெட்ரோல் காசை மிச்சம் பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாதான் ஒருநாள் போட்டு உடைத்தது. "வண்டி தூக்கித் தூக்கிப் போடுதாம்டா. இடுப்புல இறங்குதாம். ஆசையா வாங்கி மாட்டிருக்கான், அவன்ட்ட சொல்லாதன்னுச்சு."

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எங்கள் ஊர் மினி பஸ்ஸை நீங்கள் பார்த்ததில்லை. அதைவிட என் வண்டி மோசமா?

உடனே போய் டயர்களில் காற்றைக் குறைத்தேன். பஞ்சர் கடை அண்ணன் பார்த்துவிட்டுத் திட்டினார். "தம்பி, இந்த டயர்ல காத்தைக் குறைச்சா ஒரு பள்ளத்துல விட்டதும் ரிம்மு நெளிஞ்சிரும்." அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

டயரின் பக்கவாட்டில் 165/80 ஆர்14 என்று இருக்கும். 165 என்பது அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது டயர் சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்று. 14 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். ஆக, பழைய டயரின் சுவர் 132 மிமீ. நான் மாட்டியது 205/45 ஆர்17, சுவர் 92 மிமீ. மொத்தச் சக்கர உயரம் பழையதுக்கு சுமார் 620, புதியதுக்கு 616. அதனால்தான் கடைக்காரர் "ஸ்பீடோமீட்டர்கூட மாறாது தம்பி" என்று சொன்னார். சொன்னது உண்மை. வெளியே உயரம் மாறவில்லை. உள்ளே 40 மிமீ காற்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலுமினியத்தை வைத்திருக்கிறேன்.

ரோட்டில் வரும் அடியை முதலில் வாங்குவது ஷாக் அப்சார்பர் இல்லை, டயருக்குள் இருக்கிற காற்றும் வளைந்து கொடுக்கிற அந்தச் சுவரும்தான். சுவர் குட்டையானால் வளைவில் நெளியாது, அதனால் வண்டி டக்கென்று திரும்பும். அதே காரணத்தால் பள்ளத்திலும் நெளியாது, அடி நேராக மேலே வரும். எனக்குப் பிடித்ததும் அப்பத்தாவுக்கு வலித்ததும் ஒரே விஷயம்தான்!

இன்னொன்று எடை. அலாய் என்றால் லேசு என்றுதான் நானும் நம்பினேன். பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். டயரோடு பழையது 14 கிலோ, புதியது 19 கிலோ. சக்கரத்தின் எடை ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிறது. அது கூடினால் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் மேலே எகிறி இறங்குவதை ஸ்பிரிங்கும் ஷாக்கும் அடக்கச் சிரமப்படும். பிக்கப்பும் கொஞ்சம் குறையும். டயர் அகலமானதால், மழைத் தண்ணீர் தேங்கிய ரோட்டில் வேகமாகப் போனால் மிதந்து வழுக்குகிற ஆபத்தும் கூடும்.

1888ல் பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை வாங்கினார். மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்றுதான் அதைச் செய்தார். அவர் வீட்டு மனுஷருக்காக உள்ளே வைத்த காற்றை நான் 38,000 கொடுத்து வெளியே எடுத்திருக்கிறேன்.

முதல் வருடம் முதல் பாடமே இரட்டைப் பதிவு முறைதான். ஒவ்வொரு பற்றுக்கும் சமமான ஒரு வரவு உண்டு. ஹேண்ட்லிங்கை நான் என் பக்கம் எழுதிக்கொண்டேன். எதிர்ப் பக்கம் அப்பத்தாவின் இடுப்பில் எழுதப்பட்டது.

விற்றேன். 24,000தான் கிடைத்தது. "பதினாலாயிரம் நட்டம்டா" என்றார் அப்பா. போன காசு போனதுதான், அதற்காக வலியைத் தொடரக் கூடாது என்பதும் எங்கள் சிலபஸில் இருக்கிறது. தொழுவத்தில் தார்ப்பாய் போட்டு வைத்திருந்த பழைய சக்கரங்களையே திரும்ப மாட்டினேன்.

பெரிய சக்கரமே கூடாது என்று சொல்லவில்லை. இதே ஸ்விஃப்டின் மேல் வேரியன்ட்டுக்கு கம்பெனியே 185/65 ஆர்15 கொடுத்தது. சுவர் 120 மிமீ, மொத்த உயரம் 621. அந்த ஒரு இன்ச்சோடு நான் நின்றிருக்கலாம். டயரில் லோடு நம்பரையும் பாருங்கள்: 84 என்றால் ஒரு டயர் 500 கிலோ தாங்கும், 88 என்றால் 560. பழையதைவிடக் குறைவான நம்பரைப் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேல், அதே சைஸ் மாட்டிய யாருடைய வண்டியிலாவது உங்கள் வீட்டுப் பெரியவரை உட்கார வைத்து, உங்கள் ஊர் ரோட்டில் ஒரு ரவுண்டு போய்ப் பாருங்கள். அவர்கள் வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள், முகத்தைப் பாருங்கள்.

போன மாதம் அப்பத்தா மறுபடியும் முன் சீட்டில் ஏறியது. எங்கள் ஊரில் இருந்து மெயின் ரோட்டுக்குள் ஆறு வேகத்தடை. நாலாவது தாண்டுவதற்குள் தூங்கிவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டது: "அந்தப் பளபளன்னு இருந்தத ஏன்யா கழட்டுன? நல்லாத்தான இருந்துச்சு!"