ஓரத்தில் நிற்பவள்

நாடகம் பார்த்து மீள்வோர் தலைவனைப் பற்றியும் தலைவியைப் பற்றியுமே பேசுவர். தேநீர்த் தட்டுடன் வந்து போனவளின் பெயரை எவரும் வினவுவதில்லை. மேடை நாடகத்தைப் பொறுத்தவரை இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. இரண்டு மணி நேரத்தில் அவளுடைய கதையைச் சொல்ல எவருக்கும் அவகாசமில்லை. ஆனால் தொலைக்காட்சித் தொடர் நாடகத்திலே துணைப் பாத்திரம் பல ஆண்டுகள் வாழ்கின்றது. பார்ப்போரோடு சேர்ந்து மூப்பும் அடைகின்றது. இவ்வாய்ப்பை முற்றாகப் பயன்படுத்திய கலைஞர் எனின், ஆங்கில நடிகை ஜீன் அலெக்சாந்தரையே நான் முதலிற் குறிப்பிடுவேன்.

1926 இல் லிவர்பூலிற் பிறந்த அவர், நூலக உதவியாளராகப் பணிபுரிந்த பின்னரே நாடகத் துறையிற் புகுந்தார். மான்செஸ்டர் நகரின் கிரனாடா நிறுவனம் 1960 டிசெம்பரில் ஆரம்பித்த ‘கொரோனேஷன் ஸ்ட்ரீட்’ என்னும் தொடரில் 1962 இல் ஒரு சிறு வேடம் ஏற்றார். 1964 இல் மீண்டும் அழைக்கப்பட்டபோது கிடைத்ததே ஹில்டா ஒக்டன் என்னும் பாத்திரம். தெருமுனை மதுச்சாலையைக் கூட்டித் துடைப்பவள் ஹில்டா. தலையிலே மயிர்ச்சுருள் உருளைகள், அவற்றின்மேல் இறுகக் கட்டிய துணி, நாவிலே ஓயாத ஊர்வம்பு. கணவன் ஸ்டானோ உழைப்புக்கு அஞ்சுபவன். வீட்டுச் சுவரிலே பெரியதோர் இயற்கைக் காட்சியை ஒட்டி, அதன்மேல் மூன்று வாத்துப் பொம்மைகளை மாட்டியிருந்தாள். அவற்றுள் ஒன்று எப்பொழுதும் சரிந்தே தொங்கும். பார்ப்போருக்கு அது நகைப்பு, அவளுக்கோ பெருமை.

இத்தகைய பாத்திரம் கிடைத்தால், காலப்போக்கில் அதனை மெருகூட்டி, யாவரும் இரங்கத்தக்க நல்லவளாக்கிவிடும் ஆசை நடிகைக்கு எழுதல் இயல்பு. அலெக்சாந்தர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஹில்டாவின் வம்பும் பொறாமையும் குறையவில்லை; உருளைகளும் இறங்கவில்லை. இருபது ஆண்டுகளாக அவளைச் சிறியவளாகவே நடித்தமையாற்றான், 1984 இல் நிகழ்ந்த அந்தக் காட்சி அவ்வளவு வலிமை பெற்றது என்பது என் கருத்து.

அவ்வாண்டு, ஸ்டானாக நடித்த பேர்னாட் யூவன்ஸ் காலமானார். ஆகவே கதையிலும் ஸ்டான் இறக்க நேர்ந்தது. அடக்கம் முடிந்து தனித்திருக்கும் ஹில்டா, கணவனுடைய உடைமைகள் அடங்கிய தாட்பொதியை அவிழ்க்கிறாள். உள்ளே அவனுடைய மூக்குக்கண்ணாடிக் கூடு. அதனைக் கண்டதும் அதுவரை அடக்கியிருந்த அழுகை வெடிக்கின்றது. அவ்வளவே. அவளைப் பார்த்துச் சிரித்துப் பழகிய ஒரு நாடே அன்று அவளோடு அழுதது. 1985 இல் அரச தொலைக்காட்சிச் சங்கத்தின் விருதும் அலெக்சாந்தரை வந்தடைந்தது.

இக்காட்சியை விடுதியில் ஓர் இரவு கைத்தொலைபேசியிற் பார்த்தேன். அப்போது நான் நினைத்தது என் பெரியம்மாவை. அவர் ஓர் அலுவலகத்தில் துப்புரவுப் பணியாளர். என் பாடசாலைச் செலவிற் பெரும்பகுதி அவருடைய சம்பளத்திலிருந்தே வந்தது. எங்கள் குடும்பத்தின் கதையை உறவினர் சொல்லும்போது அப்பாவின் கடையும் அண்ணாவின் வெளிநாட்டுப் பயணமும் விரிவாக இடம்பெறும். பெரியம்மாவோ, “அவவும் உதவி செய்தவ” என்ற ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடுவார். பெரியப்பாவின் எட்டுச் செலவு முடிந்த மறுநாட் காலை அவர் வழமைபோல் வேலைக்குப் போனார். பெரியப்பாவின் சைக்கிளை விற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அதன் மேலதிகத் திறப்பு இன்றும் அவருடைய கைப்பையில் இருக்கின்றது. அதற்கான காரணத்தை அவர் சொன்னதில்லை. வீட்டில் எவரும் கேட்டதுமில்லை.

1987 நத்தார் தினத்தன்று ஹில்டா அத்தெருவை விட்டுப் போனாள். அவ்வத்தியாயத்தை, மறு ஒளிபரப்பையும் சேர்த்து, இரண்டரைக் கோடிக்கும் மேற்பட்டோர் பார்த்தனர் என்பர். கதைத்தலைவி எவளுக்கும் எளிதிற் கிட்டாத வழியனுப்பு அது. அதன் பின்னரும் அலெக்சாந்தர் தலைவி வேடம் தேடிச் செல்லவில்லை. வேறொரு நகைச்சுவைத் தொடரில், எவர் தலையிலும் எதையாவது விற்றுவிடும் கடைக்காரக் கிழவியாக 2010 வரை நடித்தார். 2016 இல் மறைந்தார்.

நமது மன்ற மேடைகளிலும் வேலைக்காரிகள் அடிக்கடி தோன்றுவர். சிரிக்க வைப்பதற்காக அவர்களை எழுதுகிறோம்; அதிற் குற்றமில்லை, ஹில்டாவும் சிரிக்க வைத்தவளே. ஆயினும் தட்டை வைத்துவிட்டு அவள் திரைக்குப் பின்னாற் போகும்போது, எந்த வீட்டுக்குப் போகிறாள், அங்கே அவளுடைய கைப்பையில் என்ன இருக்கின்றது என்பதை எழுதுபவரும் நடிப்பவரும் அறிந்திருத்தல் வேண்டும். அதை மேடையிற் சொல்ல வேண்டியதில்லை. அறிந்திருந்தாற் போதும், அவள் தட்டை வைக்கும் விதமே மாறிவிடும்.